பொதியின்மேல் பொறித்த பெயர்

(விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



காவிரிப்பூம்பட்டினத்தின் ஐவகை மன்றங்களுள் வெள்ளிடை மன்றம் ஒன்று. சிலப்பதிகாரத்தின் இந்திர விழவூர் எடுத்த காதையில் இளங்கோவடிகள் அதனைக் காட்டுகிறார். ஊருக்குப் புதியராய் வந்த வணிகர் தம் சரக்குப் பொதிகளை அங்கே குவித்து வைத்தனர். வாயிற்கதவு இல்லை, தாழ் இல்லை, உடையவர் காவலும் இல்லை. ஒவ்வொரு பொதியின்மீதும் உடையவன் பெயரும் கண்ணெழுத்தும் எண்ணும் இருந்தன. களவாட முனைந்தவன் அப்பொதியைத் தலையில் சுமந்து அங்கேயே சுழல்வானேயன்றி, வெளியே கொண்டு செல்ல மாட்டான். கதை இதனை மன்றத்தின் தெய்வ ஆற்றலாகச் சொல்கிறது. ஆயினும் வணிகக் குடும்பத்தார் நின்று நோக்க வேண்டியது அந்தப் பொதியின்மேல் இருந்த எழுத்தை.

அதே பட்டினத்தின் துறையில் இறங்கும் பண்டங்கள்மீதும் ஏறும் பண்டங்கள்மீதும் சோழனின் புலிச்சின்னம் பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. எகிப்தின் செங்கடற்கரையிலுள்ள குசேர் அல்-காதிமில் தமிழ் பிராமி எழுத்தில் பெயர் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. சரக்கு உடையவன் கையைவிட்டு நீங்கிய பின்னும் அவனுக்காகப் பேசக்கூடியது அதன்மேல் உள்ள எழுத்து ஒன்றே என்பதைத் தமிழ் வணிகர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர்.

இன்று திருத்தணி வட்டாரத்தில் இவ்வுண்மை வேறொரு வடிவில் வந்து நிற்கிறது. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டு ஆகிய ஊர்களின் தறிகளில் நெய்யப்படும் துணியை இணையச் சந்தையில் விற்க இளைஞர் பலர் முன்வருகின்றனர். வந்த கட்டளைக்கு ஏற்ப ஒவ்வொன்றாக வீட்டிலிருந்தே அனுப்புவது ஒரு முறை. சரக்கை மொத்தமாகச் சந்தை நிறுவனத்தின் கிடங்குக்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டால், கட்டுவதையும் கொண்டு சேர்ப்பதையும் அந்நிறுவனமே செய்வது மற்றொரு முறை. இரண்டாம் முறை எளிதென்று தோன்றும். இடர் இருப்பதும் அதிலேதான்.

கிடங்குக்குள் சென்ற சரக்கு நிறுவனத்தின் உடைமையாகிவிட்டது எனச் சிலர் எண்ணுகின்றனர். அது பிழை. அந்நிய முதலீடு பெற்ற சந்தை நிறுவனம், தன் தளத்தில் விற்கும் பொருளுக்குத் தானே உடைமையாளராக இருக்கக் கூடாது என்பது நடுவண் அரசின் விதி. ஆகவே வாங்குபவர் கைக்குச் செல்லும்வரை அந்த லுங்கி, அனுப்பிய குடும்பத்தின் லுங்கியே. விற்காமல் கிடந்தாலும், நனைந்து போனாலும், எண்ணிக்கையில் குறைந்தாலும் கணக்குக் கேட்க வேண்டியவரும் அவர்களே.

ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். ஒரு குடும்பம் பெட்டிக்கு 50 வீதம் 4 பெட்டிகளில் 200 லுங்கிகளை அனுப்புகிறது. சில நாள் கழித்து, கிடங்கில் பதிவானவை 194 எனத் திரையில் தெரிகிறது. அந்த 6 எங்கே? வீட்டிலேயே எண்ணத் தவறியதா, வழியில் பெட்டி கிழிந்ததா, கிடங்கில் பட்டைக்குறி படிக்கப்படாமல் போனதா? மொத்தமாக 200 என்று மட்டும் எழுதி வைத்த குடும்பத்தால் விடை காண இயலாது. பெட்டிவாரியாக எழுதி, ஒவ்வொரு பெட்டியையும் எடையிட்டு, மூடுமுன் நிழற்படம் எடுத்து வைத்த குடும்பத்தால் இயலும். ஒரு லுங்கி கால் கிலோ எனக் கொண்டால் 6 லுங்கிகள் ஒன்றரைக் கிலோ. சரக்கு வண்டி அலுவலகத்தின் ரசீதில் உள்ள எடையே குறை நேர்ந்தது அதற்கு முன்னா பின்னா என்பதைச் சொல்லிவிடும். நெசவாளரிடம் துணி வாங்கிய பட்டியலும் கிடங்கு முத்திரையிட்ட சீட்டும் உடனிருந்தால், உரிய காலக்கெடுவுக்குள் இழப்பீடு கேட்கலாம். கெடு தாண்டினால் உண்மையே ஆயினும் கேட்பாரில்லை.

ஒட்டுச்சீட்டிலும் கருத்து வேண்டும். பெட்டியின் மூடி சேரும் கோட்டின்மேல் ஒட்டினால், திறக்கும்போது அது கிழியும். மடிப்பில் வளைந்த பட்டைக்குறியைக் கருவி படிக்காது. பழைய பெட்டியைப் பயன்படுத்துவோர் முன்பிருந்த குறியை முற்றிலும் மறைக்க வேண்டும். இன்றேல் ஒரு பெட்டிக்கு இரு பெயர் ஆகிவிடும். வேலை சிறிது, விளைவு பெரிது.

இதற்கு மறுபுறமும் உண்டு. 200 அனுப்பியதாக எழுதி, கிடங்கில் 203 எனப் பதிவானால் என் செய்வது? மிகுதி தானே, பேசாமல் இருப்போம் என்னும் எண்ணம் எழுவது இயல்பு. அந்த மூன்றும் தம் வீட்டில் தவறி வைத்தவையா, வேறொருவர் பெட்டியிலிருந்து கலந்தவையா என்று வீட்டு இருப்பைச் சரிபார்த்துத் தெரிவிப்பதே முறை. அளவில் குறைத்தும் கூட்டியும் காட்டுவதையும், நல்ல சரக்கோடு போலியைக் கலப்பதையும் திருடாமை விரதத்தின் மீறல்களாகத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணுகிறது. கிடங்குப் பெட்டிக்கும் அவ்விதி பொருந்தும்.

காலக்கணக்கும் வேண்டும். கிடங்கு வாடகை, சரக்கு அடைக்கும் இடத்தின் கன அளவைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. நெடுநாள் தேங்கினால் கட்டணம் ஏறும். விற்பனையின் வேகத்தை அறியாமல் ஓராண்டுச் சரக்கை ஒரே தடவையில் அனுப்புவது, இலாபத்தை வாடகையாகத் தருவதாகும். திருத்தணிக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. ஆடிக் கிருத்திகையின்போது காவடிக் கூட்டத்தால் ஊர்ச் சாலைகள் நிரம்பியிருக்கும். கிடங்கில் முன்பதிவு செய்த நேரத்திற்குச் சரக்கு வண்டி செல்ல வேண்டுமாயின், அந்நாள்களுக்கு முன்னரே பெட்டிகளை ஊரைவிட்டு அனுப்பிவிடுவது நலம்.

இனி எல்லை. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ம.பொ.சி. போன்றோர் போராடிப் பெற்ற அந்த எல்லைக்கோடு, 2017 சூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் விற்பவர் கணக்கேட்டிலும் ஓடுகிறது. கிடங்கு தமிழ்நாட்டுக்குள் இருந்தால், அதனைக் கூடுதல் வணிக இடமாகத் தம் பதிவில் சேர்த்து, டெலிவரி சலானோடு சரக்கை அனுப்பலாம். மாநிலத்துக்குள் ஒரு இலட்சம் ரூபாய் மதிப்புவரை இ-வே பில் வேண்டியதில்லை. கிடங்கு ஆந்திரத்திலோ கருநாடகத்திலோ இருந்தால் அம்மாநிலத்திலும் தனிப் பதிவு வேண்டும். ஒன்றும் விற்காத நிலையிலும், தம் சரக்கைத் தாமே அங்கு அனுப்புவது வரிக்குரிய வழங்கலாகக் கொள்ளப்படும். ஒரு இலட்சம் ரூபாய்ச் சரக்கிற்கு 5 விழுக்காடு எனின் 5,000 ரூபாய் வரி முன்னதாகவே கணக்கில் ஏறும். பின்னர் விற்பனை வரியில் அதை ஈடுசெய்துகொள்ளலாம். ஆயினும் அதுவரை முடங்குவது சிறு குடும்பத்தின் கைம்முதல். மாநிலம் கடக்கும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில்லும் கட்டாயம்.

2023 அக்டோபர் 1 முதல் சிறு விற்பனையாளர்க்கு ஒரு சலுகை உண்டு. விற்றுமுதல் வரம்புக்குள் இருப்பவர், முழுப் பதிவின்றிச் சேர்க்கை எண் மட்டும் பெற்று இணையச் சந்தையில் பொருள் விற்கலாம். ஆனால் தம் மாநிலத்துக்குள் மட்டுமே. அவ்வகையில் திருத்தணிக்காரர் கன்னியாகுமரிக்கு விற்கலாம். பேருந்தில் ஏறினால் சற்று நேரத்தில் சென்றடையும் நகரிக்கு விற்க இயலாது. உறவும் கொள்வினை கொடுப்பினையும் எல்லைக்கு இருபுறமும் உள்ள குடும்பங்கள் இதனை முதலிலேயே எண்ணிப் பார்த்து, வாங்குவோர் எந்தப் பக்கம் மிகுதி என்று கணக்கிட்டு, வேண்டுமாயின் முழுப் பதிவு பெற்ற பின்னரே பெட்டி கட்டத் தொடங்குவார்களாக.