பழைய புல்லட்டை எடைக்குப் போடும் முன்

பார்க்கிங்கில் தார்ப்பாய் மூடிக் கிடக்கும் பழைய வண்டிகளை அப்புறப்படுத்தும் முன், அதில் புல்லட் இருக்கிறதா என்று பாருங்கள்.

புல்லட் பிறந்தது இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில். 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியபோது, அங்கிருந்து வந்த பாகங்களைத்தான் இங்கே பூட்டினார்கள். வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்ற பிரிட்டிஷ் வழக்கமும் கூடவே வந்தது.

அதைப் பெயிண்ட் அடித்து, குரோம் பூசிப் புதிதாக்க வேண்டாம். இறுகிய போல்ட்டைச் சுத்தியலால் அடிக்காமல், எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். டேங்க், கார்புரேட்டரைச் சுத்தம் செய்யுங்கள். ஒயர், டயர், பிரேக் ஷூ போன்று பாதுகாப்புக்கு வேண்டியதை மட்டும் மாற்றுங்கள். என்ஜின், சேஸிஸ் எண்களில் உப்புத்தாள் படவே கூடாது, அவை ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும்.

இதில் சட்டமும் இருக்கிறது. 2021 மத்திய விதிப்படி, 50 ஆண்டு கடந்து, சேஸிஸிலும் என்ஜினிலும் மாற்றம் செய்யாத வண்டியைத்தான் ‘விண்டேஜ்’ என்று பதிய முடியும். அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணிக்கு ஓட்டலாம். தினமும் ஓட்ட முடியாது.

ஆகவே முதலில் பீரோவில் அந்த ஆர்.சி.யைத் தேடுங்கள். வண்டியை எடைக்குப் போட்டபின் தேடிப் பயனில்லை.