கைக்குத் தெரிந்த வேலை



1986 ஆகஸ்ட் 11 அன்று, நியூபவுண்ட்லாந்தின் சென்ட் ஷாட்ஸ் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். அந்த மீனவர்களில் ஒருவர் கஸ் டால்டன் என்ற படகுத் தலைவர். அன்றைய மூடுபனிக்குள் அவருக்குக் கைகொடுத்தது அவருடைய அன்றாடத் தொழில்தான். கடலில் படகு செலுத்தவும் தத்தளிப்பவரை மேலே ஏற்றவும் அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததைச் செய்தார். நம்மவர்கள் பிழைத்தார்கள்.

அதே 1986இல்தான் அகதிகளுக்கான நான்சன் விருது கனடா மக்கள் அனைவருக்கும் வழங்கப்பட்டது. அதற்குப் பின்னால் ஒரு பெரிய உழைப்பு இருந்தது. 1979, 1980 ஆண்டுகளில் இந்தோசீனாவிலிருந்து 60,000 பேர் இங்கு வந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரைத் தேவாலயங்களும் அயலவர் குழுக்களும் பொறுப்பேற்று அழைத்தன. அப்படிப் பொறுப்பேற்க 1979 மார்ச்சில் அரசோடு முதல் ஒப்பந்தம் எழுதியது மெனனைட் மத்தியக் குழு. மெனனைட் என்ற அந்தக் கிறிஸ்தவ சபையினர் பலருடைய பெற்றோரும் 1920களில் சோவியத் நாட்டிலிருந்து தப்பி வந்தவர்கள்.

நான் ஒரு கிறிஸ்தவன். எங்கள் சபையில் புதிதாக வருவோருக்கான உதவிக்குழுவில் இருப்பதால் என்னை இந்தத் தமிழ்ச் சங்கத்தில் பேச அழைத்தீர்கள். ஆகவே என் வேதத்திலிருந்தே ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்ற யூதத் தம்பதியர் ரோமாபுரியிலிருந்து பேரரசன் ஆணையால் துரத்தப்பட்டுக் கொரிந்துக்கு வந்தவர்கள். கூடாரம் செய்வது அவர்கள் தொழில். பிறகு அந்த ஊருக்குத் தனியாளாக இயேசுவின் அப்போஸ்தலர் பவுல் வந்தார். அவருக்கும் அதே தொழில். அவரை வீட்டில் சேர்த்துக்கொண்டு, தங்களோடு வேலையும் செய்ய வைத்தார்கள். அவருக்கு அங்கே சோறு மட்டுமா கிடைத்தது? தன் கையால் உழைத்து நிமிர்ந்து நிற்க ஓர் இடமும் கிடைத்தது. துரத்தப்பட்டு வந்த நமக்கு இந்தத் தம்பதியர் மிக நெருங்கிய உறவு என்றே நான் எண்ணுகிறேன்.

உதவி என்றதும் நாம் பழைய உடுப்பு மூட்டையும் அரிசிப் பையும் எடுத்து வருகிறோம். அவையும் வேண்டும்தான். ஆனால் எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் இருக்கிறார். அவர் செய்வதைப் பாருங்கள். நிரந்தர வதிவுரிமையோடு வந்திறங்கும் குடும்பத்துக்குப் பிள்ளைகளுக்கான மாதக் கொடுப்பனவு உண்டு. அது தொடர்ந்து வர, வருமானமே இல்லாவிட்டாலும் கணவன் மனைவி இருவரும் ஆண்டுதோறும் வரிப்படிவம் கொடுக்க வேண்டும். வந்தவர்களில் பலருக்கு இது தெரியாது. ‘சம்பளம் இல்லையே, வரி எதற்கு?’ என்று இருந்துவிடுவார்கள், பணம் நின்றுபோகும், வாடகை பிந்தும். அந்த ஐயா ஒவ்வோர் ஆண்டும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் இலவச வரிப்படிவ முகாமில் உட்கார்ந்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் பொறுமையாக எழுதிக் கொடுக்கிறார். மேடையில் பாட அவருக்கு வராது, பிரசங்கமும் வராது. இயேசுவின் சீடர் பேதுரு தன் நிருபத்தில், அவரவர் பெற்ற வரத்தைக் கொண்டே ஒருவருக்கொருவர் ஊழியம் செய்யச் சொல்கிறார். அந்த நிருபமே ஊர் ஊராகச் சிதறி வாழ்ந்த மக்களுக்கு எழுதப்பட்டது. இந்த ஐயாவின் வரம் எண்கள். அதுவும் ஊழியமே.

தையல் தெரிந்த அக்கா ஒருவர், தானமாக வந்த குளிர் அங்கிகளைப் பிள்ளைகளின் அளவுக்கு வெட்டித் தைக்கிறார். வேதத்தில், யோப்பா ஊரில் விதவைகளுக்கு உடை தைத்துக் கொடுத்த தபீத்தாளை அவர் எனக்கு நினைவூட்டுகிறார்.

தெரியாததில் கை வைக்காதிருப்பதும் தொண்டின் பகுதி. அகதிக் கோரிக்கையில், ஏன் ஓடிவந்தோம் என்று எழுதும் படிவம் இருக்கிறதே, அதை அன்பின் பேரில் நாமே நிரப்பிக் கொடுக்கக் கூடாது. அதில் எழுதியதும் விசாரணையில் அவர் சொல்வதும் முரண்பட்டால் அவர் சொல்லை நம்பமாட்டார்கள். சட்ட உதவி வழக்கறிஞரிடம் அழைத்துப் போங்கள், வாசலில் காத்திருங்கள். அதேபோல், மருத்துவரிடம் தாயின் நோயை மொழிபெயர்க்கப் பத்து வயதுப் பிள்ளையை நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி தெரிந்த பெரியவர் ஒருவர் அந்த ஒரு மணி நேரம் போனால் போதும். அங்கே கேட்டதை வெளியில் பேசாதவராகவும் அவர் இருக்க வேண்டும்.

இங்குள்ள கிறிஸ்தவ நண்பர்களுக்குத் தனியாக ஒன்று. உதவி பெற்றவர் ஞாயிறு ஆராதனைக்கு வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது எனக்கு உடன்பாடில்லை. ஒதுங்க இடமின்றி வந்தவருக்கு ‘மாட்டேன்’ என்று சொல்லும் சுதந்திரம் ஏது? அந்நிலையில் அவரிடம் வாங்கும் ‘ஆம்’ விசுவாசம் ஆகாது. இயேசு நலமாக்கியவர்களில் பலர் அவரோடு கூடப் போகவுமில்லை. அதற்காக அவர் நலமாக்குவதை நிறுத்தவுமில்லை.

2023 ஜூலையில் ரொறன்ரோ நகர நடுவில் பீட்டர் தெருவில், ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்த அகதிக் கோரிக்கையாளர்கள் தங்குமிடம் கிடைக்காமல் நடைபாதையில் படுத்திருந்தார்கள். ரிவைவல்டைம் டாபர்னக்கிள் போன்ற கறுப்பினத்தவரின் தேவாலயங்கள் கதவைத் திறந்து அவர்களைப் படுக்க வைத்தன. பணக்காரச் சபைகள் அல்ல அவை. அந்த நாள்களில் நாம் எங்கே இருந்தோம் என்று இந்தச் சங்கம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். 1986இல் வந்தவர்கள் தமிழர். இன்று வருபவர்கள் எரித்திரியர், சூடானியர், ஆப்கானியர். தமிழ் தெரியாதவருக்கும் கனடாவின் குளிரும் படிவமும் பேருந்துத் தடமும் நமக்குப் பட்டதுபோலவே கடினமாகப் படும். அதைப் பட்டு அறிந்தவர்கள் இந்த மண்டபம் நிறைய இருக்கிறீர்கள்.

பின்வாசலருகே ஒரு மேசையில் பதிவுத் தாள் இருக்கிறது. அதில் நன்கொடைத் தொகைக்கு இடமில்லை. உங்கள் பெயர், கைக்குத் தெரிந்த வேலை, எந்தக் கிழமையில் வர முடியும் என்ற மூன்று மட்டும் எழுதுங்கள். குழாய் திருத்துவது, பற்களைப் பார்ப்பது, கார் ஓட்டப் பழக்குவது, பத்தாம் வகுப்புக் கணக்கு, சிறு குழந்தையை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்வது, எதுவானாலும் எழுதுங்கள். அடுத்த மாதம் ஒரு குடும்பம் வருகிறது; நான்கு பிள்ளைகள். செவ்வாய்க்கிழமைகளில் மருத்துவரிடம் கூட்டிப்போக இன்னும் ஆள் கிடைக்கவில்லை.