பத்து அங்குல மேடு

கிர்க்கியிலிருந்தும் ராஸ்தா பேட்டையிலிருந்தும் இந்த மழையிலும் வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே, முன்வரிசையில் கையுறையை மடியில் வைத்துக்கொண்டிருக்கிற எங்கள் கல்லூரிப் பேஸ்பால் பிள்ளைகளே!

கல்லூரிப் பேஸ்பாலின் வரலாற்றைச் சொல்லச் சொன்னார்கள். சொல்கிறேன். 1859, ஜூலை முதல் தேதி. அமெரிக்காவில் பிட்ஸ்ஃபீல்ட் என்கிற ஊர். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிப் பையன்களும் வில்லியம்ஸ் கல்லூரிப் பையன்களும் மோதினார்கள். ஆம்ஹர்ஸ்ட் 73, வில்லியம்ஸ் 32. கல்லூரிக்கும் கல்லூரிக்கும் நடந்த முதல் ஆட்டம் அதுதான். மட்டையை வைத்துவிட்டு, அதே இரண்டு கல்லூரிகளும் சதுரங்கமும் ஆடின! விளையாடினால் படிப்பு கெடும் என்று சொல்கிற அப்பாமார்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். (கைதட்டல்)

அங்கிருந்து ஜப்பானுக்கு எப்படிப் போனது? பட்டாளம் கொண்டு போகவில்லை, கம்பெனி கொண்டு போகவில்லை. ஹோரேஸ் வில்சன் என்று ஒரு வாத்தியார். 1872-இல் டோக்கியோவில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போனவர், பையன்கள் கையில் பந்தைக் கொடுத்தார். 1903-இல் வசேதா பல்கலைக்கழகமும் கெய்யோ பல்கலைக்கழகமும் மோத ஆரம்பித்தன. இன்றைக்கும் அந்தப் போட்டி என்றால் டோக்கியோவே திரும்பிப் பார்க்கிறது. ஒரு வாத்தியார் போட்ட விதை ஐயா அது!

நமக்கு வாத்தியார் இல்லையா? இதே புனேயில், எஸ்.பி. கல்லூரியில் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தவர் பேராசிரியர் தேவதர். 1939-40, 1940-41, அடுத்தடுத்து இரண்டு முறை மஹாராஷ்டிராவுக்கு ரஞ்சிக் கோப்பையை வாங்கிக் கொடுத்த கேப்டன். பம்பாய்க்கு எதிராக 246 ரன் அடித்தபோது அவருக்கு வயது 48! நூற்றியோரு வயது வரை வாழ்ந்தார். காலையில் இலக்கணம், மாலையில் கிரிக்கெட். அப்படிப்பட்ட ஊர் இது. (நீண்ட கைதட்டல்)

தேவதரின் பெயர் கோப்பையில் இருக்கிறது. இருக்கட்டும், சந்தோஷம். நான் படித்த கல்லூரியில் ஒரு மாமா இருந்தார். மைதானத்து மாலி. வட ஆற்காட்டிலிருந்து பட்டாள வேலைக்கு வந்த குடும்பம். தமிழ்ப் பையன்களுக்கும் மாமா, மராத்திப் பையன்களுக்கும் மாமா. இரண்டு மொழியிலும் தாயோடு பிறந்தவனுக்கு ஒரே சொல்தானே! விடியற்காலை ஐந்தரைக்குத் தண்ணீர் தெளித்து, ரோலரை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போடுவார். அந்தக் கோட்டுக்குள் ஆடி, ஆட்டக்காரர் ஒதுக்கீட்டில் வேலை வாங்கியவர்கள் இந்த அரங்கிலேயே ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். கல்லூரி வெற்றிப் பலகையில் நாற்பது பெயர் இருந்தது. மாமா பெயர் இல்லை.

மாலி என்றால் இளப்பமா? பல்வங்கர் பாலூ யார்? நூறு வருஷத்துக்கும் முன்னால் இதே புனேயில் வெள்ளைக்காரர்கள் கிளப்பில் மாதம் நாலு ரூபாய்க்குப் பிட்ச் உருட்டியவர். வலை கட்டிவிட்டுத் துரைமார்களுக்குப் பந்து போட்டார். போட்டுப் போட்டே அன்றைய இந்தியாவின் மிகப் பெரிய சுழற்பந்து வீச்சாளர் ஆனார். கூட ஆடியவர்கள் உள்ளே பீங்கானில் தேநீர் குடித்தார்கள். தலித் என்பதால் இவருக்கு வெளியே, மண் குவளையில். 1911-இல் இங்கிலாந்துக்குப் போய் நூறு விக்கெட்டுக்கு மேல் சாய்த்துவிட்டு வந்தார். அப்போதும் ஹிந்து அணிக்குக் கேப்டன் ஆக்கவில்லை. 1923-இல் அவர் தம்பி விட்டல்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நான் இதைச் சொல்லாமல் எதைச் சொல்வேன்?

என்ன... நிம்பால்கரா? கடைசி வரிசையில் ஒருவர் கேட்கிறார். சொல்லிவிடுகிறேன்! 1948 டிசம்பர், பூனா கிளப் மைதானம். மஹாராஷ்டிரா 4 விக்கெட்டுக்கு 826. நிம்பால்கர் 443, ஆட்டமிழக்கவில்லை. பிராட்மேனின் உலக சாதனை 452. இன்னும் ஒன்பது ரன் அடித்தால் சமம், பத்து அடித்தால் உலகமே நம் காலடியில். இடைவேளை வந்தது. எதிரணி, கத்தியவார், இனி ஆடமாட்டோம் என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டது! அந்த மனிதர் ஒரு டெஸ்ட் கூட ஆடாமலே போனார். (அரங்கில் சலசலப்பு)

கோபம் வருகிறதா? எனக்கும் வருகிறது. அவர்களாவது ஊரைப் பார்க்கப் போனார்கள். இன்றைக்குச் சிலர் நம் ஊரிலேயே இருந்துகொண்டு, மைதானத்தைக் கல்யாணத்துக்கும் கண்காட்சிக்கும் விடுகிறார்கள். பெயர் சொல்லமாட்டேன். கோப்பை வந்தால் போட்டோவுக்கு முதலில் நிற்பவர்கள் அவர்கள். பந்தல் ஆணி அடிக்க மண்ணைத் தோண்டும்போது அவர்களைக் காணோம்.

பேஸ்பாலுக்கு என்ன வேண்டும்? பந்து போடுகிறவன் நிற்க நடுவில் பத்து அங்குல உயரத்துக்கு ஒரு மண்மேடு. அங்கிருந்து அடிக்கிறவன் பக்கம் அறுபதரை அடி. ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் தொண்ணூறு அடி. இதோ இந்தப் பிள்ளைகள் போன மாதம் செம்மண்ணைச் சாக்கில் சுமந்து வந்து, தண்ணீர் விட்டு மிதித்து, அந்த மேட்டைக் கட்டினார்கள். எட்டு நாள் வேலை. ஒன்பதாம் நாள் வரவேற்புப் பந்தல் வந்தது. மேடு இருந்த இடத்தில் சமையல் அடுப்பு! இந்தப் பெண், கேட்சர், பேர் சொல்லவேண்டாம் என்றாள், என்னிடம் வந்து நின்றாள். அழவில்லை. 'சார், மண் எங்கே கிடைக்கும்?' என்று கேட்டாள்.

2028-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பேஸ்பாலும் கிரிக்கெட்டும் சேர்ந்தே வருகின்றன. தேவதரின் ஊர், பாலூவின் ஊர் அங்கே வேடிக்கை பார்க்கவா?

மண்ணுக்கு நான் சொல்லிவிட்டேன் அம்மா. நாளைக் காலை ஆறு மணிக்கு ஒரு லாரி செம்மண் மைதானத்துக்கு வருகிறது. இந்த அரங்கில் இருக்கிற ஆண்கள் எல்லோரும் கடப்பாரையும் மண்வெட்டியுமாக வாருங்கள். முதலில் ஆணிக்குழிகளை மூடவேண்டும். எங்கள் மாமாவின் மகன் ரோலரோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஆறு மணி. மழை பெய்தாலும்.