போதை ஒழிப்பும் தொழிலாளர் உரிமையும்

(சங்கக் கிளையின் ஆண்டுக் கூட்டத்தில், தோட்டக் கிராணியாரான கிளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

இன்றைய கூட்டத்தில் நான்காவதாக ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. சிறுநீர்ச் சோதனையில் போதைப்பொருள் தெரிந்தால் அந்தத் தொழிலாளியை உடனே வேலையிலிருந்து நீக்கலாம். அதற்குச் சங்கம் முன்கூட்டியே சம்மதம் தரவேண்டும் என்பதே அத்தீர்மானம். அதைக் கொண்டுவந்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு கொண்டுவரவில்லை. அரிசிக்கு வைத்த பணம் காணாமல் போய், தாலிக்கொடியும் அடகுக் கடைக்குப் போன வீடுகள் நம் லயங்களில் உண்டு. அந்தத் தாய்மார்களின் கண்ணீரை அறிந்துதான் பேசுகிறேன். ஆயினும் இத்தீர்மானத்தை எதிர்க்கவே எழுந்து நிற்கிறேன். காரணத்தைக் கணக்கோடு சொல்லுகிறேன். கிராணி வேறு எப்படிப் பேசுவான்?

தோழர்களே! போதை நமக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரன் ஆட்சியில் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய இடங்களில் சர்க்காரின் வருமானத்துக்கு அபினிதான் பெரிய தூண். சில ஆண்டுகளில் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி அபினியிலிருந்தே வந்தது. 1910 முதல் அபினியைக் காய்ச்சி விற்கும் தொழிலைச் சர்க்காரே ஏற்று நடத்தியது. சீனத் தொழிலாளிக்கு அபினி. தமிழ்த் தொழிலாளிக்குத் தோட்டத்துக் கள்ளுக்கடை. கொடுத்த கூலி கடை வழியாகத் திரும்பிப் போயிற்று.

1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் நம் முன்னோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றில் ஒன்று, கள்ளுக்கடையை மூடவேண்டும் என்பது. பதிலாக வந்தது பட்டாளம்; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டார்கள். 1947-இல் கெடாவில் கள்ளை எதிர்த்து நின்ற தொண்டர் படையினர்மீது போலீஸ் பாய்ந்தது. எனவே போதையை எதிர்ப்பது எப்படி என்று நமக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நம் முன்னோர் மூடச் சொன்னது கடையை. குடித்தவனைத் தோட்டத்தை விட்டுத் துரத்துங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை.

இனி நாட்டின் சட்டத்துக்கு வருகிறேன். அபாயகரப் போதைப்பொருள் சட்டம் 1952-இல் பிறந்தது. போதைப்பொருள் கடத்தலுக்குத் தூக்கு விதிக்கலாம் என்று 1975-இல் திருத்தினார்கள். தூக்கைத் தவிர வேறு தண்டனை இல்லை என்று 1983-இல் இறுக்கினார்கள். 15 கிராம் ஹெராயின் அல்லது 200 கிராம் கஞ்சா கையில் இருந்தால் கடத்தல்காரன் என்றே சட்டம் அனுமானிக்கும். 15 கிராம் என்பது நம் பால் ஸ்டோர்த் தராசில் முள்கூட அசையாத எடை. ஒருவன் பையில் பொருள் இருந்தால் அறிந்தே வைத்திருந்தான் என்று ஓர் அனுமானம். எடை எல்லையைத் தாண்டினால் கடத்தினான் என்று அதன்மேல் இன்னோர் அனுமானம். இல்லை என்று நிரூபிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவன் தலையில்! வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாதவன் அந்தச் சுமையை எப்படிச் சுமப்பான்?

2019-இன் தொடக்கத்தில் இந்நாட்டில் தூக்குக்குக் காத்திருந்தவர்கள் 1,281 பேர் என்றும், அவர்களில் 100-க்கு 73 பேர் போதைக் கடத்தல் வழக்கில் தண்டிக்கப்பட்டவர்கள் என்றும் சர்வதேச மன்னிப்புச் சபை எடுத்துக்காட்டியது. இத்தனை தூக்கும் போதையை ஒழித்ததா? ஹெராயின் போகவில்லை. அதன் பக்கத்தில் சியாபுவும் வந்து உட்கார்ந்துகொண்டது.

கடைசியில் நாடே திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. 2018-இல் தூக்கிலிடுவது நிறுத்தி வைக்கப்பட்டது. ஓர் அனுமானத்தின்மேல் இன்னொன்றை ஏற்றுவது அரசியலமைப்புக்கு விரோதம் என்று 2019 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 ஜூலையில் கட்டாயத் தூக்கு நீங்கியது. தூக்கு இன்னும் சட்டத்தில் இருக்கிறது; விதிப்பதா வேண்டாமா என்பது நீதிபதியின் கையில் வந்திருக்கிறது. நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே அனுமானத்தை மட்டும் நம்பித் தண்டிக்கத் தயங்கும்போது, ஒரு குப்பிச் சிறுநீரை மட்டும் பார்த்து ஒருவன் பிழைப்பைப் பறிக்க நாம் கையெழுத்துப் போடலாமா?

அண்டை நாட்டையும் பாருங்கள். 2003-இல் தாய்லாந்து சர்க்கார் போதையின்மேல் போர் என்று அறிவித்தது. மூன்றே மாதத்தில் 2,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பின்னர் சர்க்காரே அமைத்த விசாரணைக் குழு 2007-இல் கண்டது என்ன? கொல்லப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் போதைத் தொழிலோடு தொடர்பே இல்லை! விசாரணை இல்லாத தண்டனை எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

“சரி, தூக்கு வேண்டாம். பிடித்து அடைத்து வைத்தால் திருந்துவான் அல்லவா?” என்று கேட்பீர்கள். அதற்கும் கணக்கு இருக்கிறது. 1983-இல் வந்த இன்னொரு சட்டம், போதைக்கு அடிமையானவரை இரண்டாண்டு மறுவாழ்வு மையத்தில் கட்டாயமாக வைக்க வழிசெய்தது. 2005 முதல் மெத்தடோன் என்னும் மருந்தைக் கொடுக்கும் சிகிச்சையும் சர்க்கார் மூலம் நடந்துவருகிறது. அது நாள்தோறும் வாயில் ஊற்றிக் குடிக்கும் மருந்து. ஹெராயின் ஏக்கத்தை அடக்கும். இவ்விரண்டில் எது பலன் தருகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆட்களைத் தொடர்ந்து கவனித்து, 2017-இல் லான்செட் குழுமத்தின் மருத்துவ ஏட்டில் வெளியிட்டார்கள். கட்டாய மையத்திலிருந்து வெளிவந்தவர்களில் பாதிப் பேர் மீண்டும் போதையில் விழ ஆன காலம் 31 நாள். தாமாக முன்வந்து மெத்தடோன் சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேர் விழ ஆன காலம் 352 நாள். இரண்டாண்டு அடைப்பின் பலன் ஒரே மாதம்! இந்தக் கணக்கைச் செக்ரோலில் எழுதிக் காட்டினால் எந்தத் துரை ஒப்புக்கொள்வார்?

மெத்தடோன் மந்திரமல்ல. அது ஹெராயின் வகைக்கு மட்டுமே, சியாபுவுக்கு உதவாது. அதற்கு ஆலோசனையும் குடும்பத்தின் துணையும் நீண்ட பராமரிப்பும் வேண்டும். எதற்கானாலும், வேலையை இழந்து நடுத்தெருவில் நிற்பவன் எதைப் பற்றிக்கொண்டு எழுவான்?

இது என் சொந்தக் கருத்து மட்டுமல்ல. குடியும் போதையும் உடல்நலப் பிரச்சினை, மற்ற நோய்களைப் போலவே நடத்தப்பட வேண்டும் என்று அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 1996-இல் நெறிமுறை வகுத்தது. கட்டாய அடைப்பு மையங்களை மூடவேண்டும் என்று 2012 மார்ச்சில் ஐக்கிய நாடுகளின் 12 அமைப்புகள் கூட்டாகக் கேட்டன. அவற்றிலும் தொழிலாளர் நிறுவனம் ஒன்று.

“போதைக்காரனுக்குச் சங்கம் வக்காலத்து வாங்குவதா?” என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. விற்பவனுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளிடம் பொட்டலம் நீட்டுபவன் யாராயிருந்தாலும் சங்கம் அவனைக் காக்காது. மயக்கத்தில் இருப்பவனை டிராக்டர் ஓட்டவும் விடமுடியாது. குணமாகும்வரை வேறு வேலை கொடுக்கட்டும். ஆனால் நோயாளிக்கும் உரிமை உண்டு. இன்று அவனுக்கு விசாரணை வேண்டாம் என்று நாம் எழுதிக் கொடுத்தால், நாளை வேறொரு காரணத்தைச் சொல்லி உங்களையும் என்னையும் விசாரணையின்றி அனுப்ப அந்தக் காகிதமே போதும்.

ஆகவே அத்தீர்மானத்துக்குப் பதிலாக இதை முன்வைக்கிறேன். முதலாவது, சோதனை முடிவை மட்டும் வைத்து எவரையும் நீக்கக் கூடாது. நடத்தைக் குற்றத்துக்காக ஒருவரை நீக்குமுன் முறையான விசாரணை வேண்டும் என்று 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்லுகிறது. அந்த விசாரணையில் சங்கப் பிரதிநிதி உடனிருக்க வேண்டும். இரண்டாவது, தானாகச் சிகிச்சைக்கு முன்வருபவரின் வேலை காக்கப்பட வேண்டும். பால்வெட்டு இருட்டோடு தொடங்குகிறது. மருந்தகமோ பொழுது விடிந்த பிறகே திறக்கிறது. மருந்து குடிக்கப் போகும் நேரத்துக்காக அவர் பேரை வெட்டக் கூடாது. மூன்றாவது, எவரையாவது போலீஸ் பிடித்தால் கிளைக்கு உடனே தகவல் வரவேண்டும். பிடித்த காரணத்தை அறியவும் வக்கீலைக் கலந்து பேசவும் அரசியலமைப்பின் 5-ஆம் விதி உரிமை தருகிறது. அந்த உரிமையைக் கேட்டுப் பெற, கிளையிலிருந்து ஓர் ஆள் அன்றே போகவேண்டும்.

தாய்மார்களே! உங்கள் பிள்ளை திருந்தி வீட்டுக்கு வரவேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை. அவன் பேரைச் செக்ரோலிலிருந்து அடித்துவிட்டால் வீட்டுக்கு அரிசி வருமா? அவன்தான் திருந்துவானா? அவன் பேர் செக்ரோலில் இருக்கட்டும்; அவன் மருந்துக்குப் போகட்டும்; சங்கம் அவன் பக்கத்தில் நிற்கட்டும். இதை ஆதரித்துக் கை உயர்த்துமாறு உங்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.