பருவமும் பார்வையும்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒளிப்படத்தையும் கவிதையையும் பற்றிப் பேச வேண்டுமென்று செயலாளர் அவர்கள் பணித்தபோது நான் தயங்கினேன். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் பேசி வந்தவை உதவித்தொகை, விடுதி, மாலைநேர வகுப்பு, வேலைவாய்ப்பு ஆகியவை. இவற்றுக்கிடையே படமும் பாட்டும் எதற்கு என்று கேட்பவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பார்கள். கேட்பதில் தவறில்லை. அதற்கு விடையை என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

என் தாயார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் போடிமெட்டுக்கு அப்பால் உள்ள ஏலத்தோட்டங்களில் காய் எடுத்தவர். விடியுமுன் எழுந்து, தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு, நெருக்கியடித்த ஜீப்பில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, மாலையில் அதே வழியில் இறங்கி வருவார். அவர் மறைந்தபோது மாலையிட்டு வைக்க எங்கள் வீட்டில் ஒரு படம் இல்லை. வாக்காளர் அடையாள அட்டையிலிருந்த கட்டைவிரல் அளவுப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டோம். அரசுப் படக்கருவியின் முன் அச்சத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் முகம் அது. நாங்கள் அறிந்த முகம் அதுவன்று. அடுப்பின் செந்தழல் ஒரு கன்னத்தில் பட, தலைமுடியை அள்ளி முடிந்தபடி, பாதித் தூக்கத்தில் எங்களை எழுப்பும் முகமே நாங்கள் அறிந்தது. நாள்தோறும் எங்கள் கண்முன் இருந்த அந்தக் காட்சியைப் படமாக்கத்தக்கதென்று ஒருவரும் எண்ணவில்லை. படமெடுப்பதென்றால் திருமணம், காதுகுத்து, இறப்பு என்றுதானே நினைத்திருந்தோம்!

அன்பர்களே! உங்கள் இல்லங்களிலும் இதே நிலைதான் என்பதை நான் அறிவேன். இதில் நம் கவனக்குறைவும் உண்டு. அது மட்டுமே காரணமுமன்று. யாருடைய வாழ்க்கை பார்க்கத்தக்கது என்பதை நெடுங்காலம் பிறரே முடிவு செய்தனர். எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு வணிக நிறுவனத்தின் நாள்காட்டி தொங்கியது. அதில் பச்சை ஏலக்காயை ஏந்திய இரு கைகள் இருந்தன, முகம் இல்லை. அம்மா அதை ஒருநாள் உற்றுப் பார்த்துவிட்டு, “இது காய் எடுத்த கை இல்லப்பா, நகத்துல கறையே இல்லையே” என்றார். படத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று எனக்குக் கிடைத்த முதற்பாடம் அது. அதன் பின்னர் நான் வாங்கிய நூல்களில் அதனினும் சிறந்த பாடம் ஒன்றைக் கண்டேனில்லை.

கவிதைக்கு வருகிறேன். நிலமும் பொழுதும்தான் முதற்பொருள் என்கிறது தொல்காப்பியம். ஆண்டை ஆறு பெரும்பொழுதாகவும் நாளை ஆறு சிறுபொழுதாகவும் வகுத்தனர் நம் முன்னோர். ஜப்பானியர் தம் மூன்றடிக் கவிதையில் பருவத்தைக் குறிக்கும் சொல் ஒன்று இருக்க வேண்டுமென்று விதி வைத்தனர். பாரதியார் 1916-இல் சுதேசமித்திரனில் அக்கவிதை வடிவத்தைத் தமிழர்க்கு எடுத்துரைத்தார். நமக்கோ பருவம் கவிதைக்கு அடிமனையாகவே அமைந்தது. கருப்பொருள் பட்டியலைப் பாருங்கள்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். பறையும் தொழிலும் அதில் இருக்கின்றன. உண்ணும் உணவும், செய்யும் வேலையும், அடிக்கும் பறையும் கவிதைக்குரியவை என்பது இலக்கணம் ஒப்புக்கொண்ட உண்மை. பிற்காலத்தில் அவற்றை இழிவென்று ஒதுக்கியவர்கள் தமிழிலக்கணத்தையும் சேர்த்தே ஒதுக்கினார்கள் என்பேன்.

குறிஞ்சிக்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். நம் மலையிலே அது எப்படி இருக்கிறது? ஐப்பசி, கார்த்திகையில் ஏல அறுவடை மும்முரமாக நடக்கும். மேலே பனிமூட்டம், கீழே சேறு, காலில் அட்டை. பச்சைக்காய் ஸ்டோருக்குப் போய் இரவெல்லாம் மிதமான சூட்டில் உலர்கிறது. ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் சற்றேறக்குறைய ஒரு கிலோ தேறும். சூடு கூடினால் பச்சை நிறம் போய்விடும். நிறம் போனால் விலையும் போயிற்று. ஆதலால் அங்கே ஒருவர் இரவு முழுவதும் விழித்திருந்து காவல் காக்கிறார். குறிஞ்சியின் சிறுபொழுது யாமம் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய மாணவர்களே, அந்த யாமத்தில் விழித்திருப்பவர் உங்கள் சிற்றப்பாவாக இருக்கக்கூடும். அவரிடம் போய் ஓர் இரவு உட்கார்ந்திருக்கிறீர்களா?

ஏலப் பூவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும் தட்டையின் உச்சியில் அது பூப்பதில்லை. தூரிலிருந்து புறப்பட்டுத் தரையோடு படரும் சரத்தில் பூக்கிறது. வெள்ளை இதழ், நடுவிதழில் ஊதா நிறக் கோடுகள். நின்றுகொண்டு பார்ப்பவருக்கு இலை மட்டுமே தெரியும். பூ வேண்டுமானால் குனிய வேண்டும், அல்லது சேற்றில் உட்கார வேண்டும். நான் முதன்முதலாகப் படக்கருவியோடு தோட்டத்திற்குப் போனபோது, நெடுநேரம் நின்றபடியே சுற்றிச் சுற்றி வந்து மரங்களையும் பனியையும் எடுத்துக்கொண்டிருந்தேன். என் சின்னம்மா, “உட்காருடா, கீழே பாரு” என்றார். உட்கார்ந்தேன். பூ தெரிந்தது, அதனினும் முக்கியமாக, வரிசையாகக் குந்தி அமர்ந்து காய் எடுத்த பெண்களின் முகங்கள் தெரிந்தன. நின்றபோது எனக்குத் தெரிந்தவை அவர்களின் முதுகுகளே.

மாலை வகுப்பில் பயிலும் ஒரு மாணவி எழுதிய இரண்டு வரிகளை அவள் இசைவோடு ஈண்டுச் சொல்கிறேன்.

“ஏலப்பூ பார்த்தேன் என்றேன் அம்மாவிடம்.
எந்தச் சரத்தில், காய் பிடித்ததா என்றாள்.”

இதைக் கேட்ட நண்பர் ஒருவர், உழைப்பு மனிதரின் அழகுணர்ச்சியைக் கொன்றுவிடுகிறது என்பதற்கு இது சான்று என்றார். நான் உடன்படவில்லை. அந்தத் தாய் எந்தச் சரம் என்று கேட்கிறாள். ஆயிரக்கணக்கான சரங்களில் ஒன்றை அவளால் நினைவில் வைத்திருக்க முடிகிறது. இந்தக் கூர்மையைத்தானே கலைஞனிடம் தேடுகிறோம்?

இக்கூர்மைக்கு நம் பகுதியிலேயே நல்ல சான்றுகள் உண்டு. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் மலைத்தோட்டத் தொழிலாளரிடையே எளிய மெட்டில் பாடினார். 1958-ஆம் ஆண்டுத் தேவிகுளம் இடைத்தேர்தலில் அவர் பாடல்கள் எஸ்டேட் எஸ்டேட்டாக ஒலித்தன. பதினான்கு வயதில் அண்ணனின் குழுவில் சேர்ந்தவர்தாம் இளையராஜா. 2018-இல் வெளிவந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ என்னும் திரைப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். லெனின் பாரதி இயக்க, தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு செய்தது. துண்டு நிலம் வாங்கக் கனவு காணும் சுமைக்கூலி, இறுதியில் காற்றாலைக் காவலாளியாக நிற்கிறான். அதில் மலை மிக அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதனாலேயே அவன் இழந்தது இன்னதென்று நமக்குப் புரிகிறது. எங்கள் தெருவில் அதைப் பார்த்த முதியவர் ஒருவர், கதையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், “அந்தப் பாதை எனக்குத் தெரியும்” என்று மட்டும் சொன்னார்.

மதுரையில் மீன் விற்ற தாயின் மகன் எம். பழனிக்குமார். மலக்குழியில் இறங்கி மாண்டோரின் குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் படம் பிடித்தவர். 2017-இல் திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். அவர் தம் தாயையும் படமாக்கினார். கடல் கடந்து நோக்கினால், அமெரிக்கக் கறுப்பினத்தவரான கார்டன் பார்க்ஸ் நினைவுக்கு வருகிறார். பதினைந்து பிள்ளைகளில் கடைக்குட்டியாக 1912-இல் பிறந்து, அடகுக் கடையில் தம் முதல் படக்கருவியை வாங்கியவர். 1942-இல் வாஷிங்டன் அரசு அலுவலகத்தைத் துடைத்துப் பெருக்கிய எல்லா வாட்சன் என்னும் பெண்மணியைத் துடைப்பத்தோடு கொடியின் முன் நிறுத்தி அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. அப்பெண்மணியின் வீட்டுக்கும் வழிபாட்டுக் கூடத்துக்கும் போனார். பேரப்பிள்ளைகளோடு அவர் இருந்ததை எடுத்தார். அவரே கவிதையும் எழுதினார். 1968-இல் படமும் கவிதையும் சேர்ந்த நூலொன்றை வெளியிட்டார்.

இதை ஏன் விரித்துச் சொல்கிறேனென்றால், நம் இளைஞர்களிடையே ஒரு கருத்து வேறுபாடு உண்டு. நம் துயரத்தை மட்டுமே படமாக்க வேண்டும், பூவும் பனியும் வசதி படைத்தோர் விளையாட்டு என்று ஒரு சாரார் சொல்கின்றனர். அவர்களின் சினம் எனக்குப் புரிகிறது. துயரத்தை மறைத்து எடுக்கும் படம் பொய் என்பதும் உண்மையே. ஆயினும் துயரம் மட்டுமே நம்மிடம் உண்டு என்று காட்டும் படமும் பொய்தான். பங்குனியில் இலவங்காய் வெடித்துப் பஞ்சு காற்றில் மிதக்கும்போது, பஞ்சு தட்டும் நம் பெண்களின் புருவமெல்லாம் வெள்ளையாகிவிடும். ஒருவரையொருவர் பார்த்துக் கிழவி என்று சொல்லிச் சிரிப்பார்கள். அந்தப் பஞ்சுத் தூசு நெஞ்சை அடைக்கும் என்பதும் மெய். அந்தச் சிரிப்பும் மெய். இரண்டையும் ஒரே படத்தில் கொண்டுவர முடிந்தவனை நான் வணங்குவேன். என்னால் இன்னும் முடியவில்லை.

படமெடுக்கப் போகும் இளைஞர்க்குச் சில சொற்கள். நம் ஊருக்கு மேற்கே மலை நிற்கிறது. ஆகவே கதிரவன் மறையுமுன்பே மலைநிழல் தெருவில் இறங்கிவிடும். அவ்வேளையில் கடுநிழல் இல்லாத மென்மையான ஒளி கிடைக்கும். திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியோரை எடுக்க அதனினும் நல்ல வேளை இல்லை. ஆடியில் மலைமுகட்டில் முகில் தேங்கி நிற்க, கீழே காற்றும் சாரலும் மட்டும் வரும். அதை ஒரே இடத்தில் நின்று பல நாள் எடுத்துப் பாருங்கள். விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. கையிலிருக்கும் கைப்பேசி போதும். ஆனால் கேட்காமல் எடுக்காதீர்கள். நம்மைக் கேட்காமல் எடுத்தவர்கள் பலர். அப்பட்டியலில் நாமும் சேர வேண்டாம். எடுத்த படத்தை அச்சிட்டு அவர்கள் கையில் கொடுங்கள். கைப்பேசி பழுதானதும் படமும் போயிற்று என்று எத்தனை பேர் என்னிடம் வருந்தியிருக்கிறார்கள்! படத்தின் பின்புறம் பெயர், மாதம், செய்த வேலை மூன்றையும் எழுதுங்கள். அந்த மூன்றையும் எழுதும்போதே சிலருக்குக் கவிதையின் முதல் வரி அகப்பட்டுவிடும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். வாயிலருகே மேசையின்மேல் ஒரு தொகுப்பேடு வைத்திருக்கிறோம். இவ்வாண்டு ஆடி முதல் தை வரை மாலை வகுப்பு மாணவர்கள் எடுத்த படங்கள் அதில் உள்ளன. முதல் பக்கத்தில் மட்டும் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. போடி நிலையத்தில் மீட்டர் பாதை இரயில் நின்ற காலத்தில், 2010-ஆம் ஆண்டின் முடிவில் அது நிறுத்தப்படுவதற்கு வெகு முன்பு, யாரோ எடுத்தது. மூட்டைகளுக்கு அருகே ஏழு பெண்கள் நிற்கின்றனர். ஐவரின் பெயர் தெரிந்துவிட்டது. இடக்கோடியில் குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவரும், முக்காடிட்டு நிற்பவரும் யாரென்று தெரியவில்லை. தாய்மார்கள் உணவுக்குச் செல்லுமுன் அதை ஒருமுறை பார்த்துவிட்டுப் போக வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். எழுதுகோல் அங்கேயே கட்டி வைக்கப்பட்டிருக்கிறது.