மிச்சப்பட்ட பணமும் ஒரு சந்தேகமும்
(கணித ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



நான்கு அட்டைப் பட்டைகளின் முனைகளைக் குண்டூசியால் இணைத்துச் சதுரம் செய்யுங்கள். ஒரு மூலையைத் தள்ளினால் சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு மூலைவிட்டப் பட்டையைச் சேருங்கள். சதுரம் இரண்டு முக்கோணங்களாகி உறுதியாக நிற்கும். பட்டையின் நீளம் மாறாமல் முக்கோணத்தின் வடிவம் மாறாது. பெரும்பாலான எஃகுச் சட்டகப் பாலங்களுக்கு இதுவே அடிப்படை.

அகமதாபாத்தில் சபர்மதி ஆற்றின் மீது உள்ள எல்லிஸ் பாலம் அப்படிப்பட்டது. அங்கே முதலில் இருந்த மரப்பாலத்தை 1875 வெள்ளம் அடித்துச் சென்றது. புதிய பாலம் 1892இல் எஃகில் எழுந்தது. மேலே வில் போன்ற வளைவு, கீழே நாண் போன்ற கிடைச்சட்டம். பாரம் ஏறும்போது வளைவின் இரு கால்களும் வெளியே விலகப் பார்க்கும். கீழ்ச்சட்டம் அவற்றை இழுத்துப் பிடிக்கும். 1999இல் இருபுறமும் கான்கிரீட் பாலங்கள் வந்தன. பழைய பாலத்தை இடிக்காமல் பாரம்பரியச் சின்னமாக விட்டுவைத்திருக்கிறார்கள்.

அதைக் கட்டிய பொறியாளர் ஹிம்மத்லால் தீரஜ்ராம். மதிப்பிட்ட தொகையைவிடக் குறைந்த செலவில் வேலையை முடித்தார். பாராட்டு வரவில்லை, சந்தேகம் வந்தது. மட்டமான பொருளைப் போட்டிருப்பாரோ என்று விசாரணைக் குழு அமைத்தார்கள். வேலை தரமானது என்று குழு கண்டறிந்தது.

இதைப் படித்தபோது எனக்கு என் வகுப்பு நினைவுக்கு வந்தது. ஒரு தேர்வில் நாற்கரக் கணக்கு. நான் நடத்தியது எட்டு வரி. ஒரு மாணவி மூலைவிட்டம் ஒன்றை வரைந்து மூன்றே வரியில் விடை எழுதியிருந்தாள். "யாரைப் பார்த்து எழுதினாய்?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன். அவள் பதில் பேசவில்லை. மறுநாள் கரும்பலகையில் போட்டுக் காட்டச் சொன்னேன். போட்டாள். மூன்று வரியும் சரி. மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் அவள் எட்டு வரியிலேயே எழுதினாள்.

ஹிம்மத்லாலுக்காவது விசாரித்த பிறகு தீர்ப்புச் சொன்னார்கள். நான் தீர்ப்பை முதலில் சொன்னேன்.

நாளை விடைத்தாள் திருத்தும்போது சுருக்கமான விடை ஒன்று கண்ணில் பட்டால், "எப்படிச் செய்தாய், சொல்லு" என்று மட்டும் கேளுங்கள். நமக்கும் ஒரு புதிய வழி கிடைக்கலாம்.