நினைவகத்தில் திருத்தப்படும் சுருக்கக் கட்டு



பல கோப்புகளைச் சுருக்கி ஒரே கட்டாக அனுப்பும் வழக்கத்தை அறியாதார் இன்று நம்மில் மிகச் சிலரே. 'ஜிப்' எனப்படும் அக்கட்டின் அமைப்பை 1989-ஆம் ஆண்டில் வகுத்தவர் பில் காட்ஸ் என்னும் அமெரிக்கர். அவர் பெயரின் முதலெழுத்துகளாகிய 'பி.கே.' கட்டுக்குள் இன்றும் பொறிக்கப்படுகின்றன. ஜிப் கட்டின் பொருளடக்கம் முதலில் அன்று, இறுதியில் அமைந்துள்ளது. கோப்புகள் முன்னே வரிசையாகக் கிடக்க, எது எங்கே தொடங்குகிறது என்று கூறும் அட்டவணை கடைசியில் நிற்கும். இதை நேயர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம்.

இத்தகைய கட்டை வட்டில் தற்காலிகப் பிரதி எதுவும் எழுதாமல் நினைவகத்திலேயே திருத்த இயலும். பைட்டுகளின் ஓட்டமாகிய 'ஸ்ட்ரீம்' ஒன்றில் அதனை ஏற்றிக்கொள்வர். டாட் நெட் மொழிகளில் இதற்கென 'ஜிப் ஆர்க்கைவ்' என்னும் வகுப்பு 2012-இல் சேர்க்கப்பட்டது.

நாம் மொழிபெயர்ப்புப் பணியாற்றிய அலுவலகம் ஒன்றில் ஓய்வூதியர்க்குப் படிவங்களுடன், பெயர், முகவரி, ஈற்றில் வங்கிக் கணக்கு எண் அடங்கிய குறிப்பு ஒன்றையும் சேர்த்து அனுப்ப வேண்டியிருந்தது. படிவங்கள் யாவர்க்கும் ஒன்றே. ஆகவே ஒருவருக்குரிய கட்டை நினைவகத்தில் திறந்து, அவர் குறிப்பின்மேல் அடுத்தவர் குறிப்பை எழுதும்படி நிரல் அமைத்திருந்தனர். சோதனைக்குக் கொண்ட ஆங்கிலக் குறிப்புகள் ஏறத்தாழ ஒரே நீளமுடையன. ஆதலின் எவரும் ஐயுறவில்லை.

மெய்ப்புப் பார்க்கையில் நாம் திகைத்தோம். ஆங்கிலக் குறிப்பு ஒன்று முடிந்த இடத்தில், கறுப்புச் சாய்சதுரத்துள் ஒரு கேள்விக்குறி. அதனையடுத்துத் தமிழில் பாதி முகவரி. அதன்பின் முன்னவருடைய கணக்கு எண்!

காரணம் எளிது. மேலெழுதுவது அழிப்பதாகாது. யூ.டி.எஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் 'க' என்பதற்கு மூன்று, 'கி' என்பதற்கு ஆறு வேண்டும். நீண்ட தமிழ்க் குறிப்பின் தொடக்கத்தைக் குறுகிய ஆங்கிலக் குறிப்பு மறைத்ததேயன்றி, எஞ்சியது அப்படியே நின்றது. எழுத்தொன்று நடுவே அறுபட்ட இடமே அக்கேள்விக்குறி. எழுதுமுன் ஓட்டத்தின் நீளத்தைச் சுழியமாக்க வேண்டும். அல்லது பழைய உறுப்பை நீக்கிவிட்டுப் புதிதாகப் படைக்க வேண்டும். நமக்குப் பின்னது உகந்ததாகத் தோன்றுகிறது, மறப்பதற்கு அதில் இடமில்லை.

அது திருந்தியபின் வேறொன்று முளைத்தது. கட்டை மூடுமுன் பைட்டுகளை எடுத்ததால், பழைய கட்டே மாறாமல் வந்தது. திருத்தங்களும் இறுதி அட்டவணையும் மூடும்போதுதான் எழுதப்படுகின்றன. மூடுகையில் ஓட்டமும் உடன் மூடப்படாதிருக்க, திறக்கும்போதே 'லீவ் ஓப்பன்' என்று குறிப்பிடல் வேண்டும்.

மற்றொன்று: பைட் வரிசையை நேரே தந்து அமைத்த ஓட்டம் விரிந்து கொடாது, தமிழ் சேர்ந்து கட்டு பெருத்தால் நிரல் பிழை கூறி நின்றுவிடும். வெற்று ஓட்டம் ஒன்றை அமைத்து, அதில் பைட்டுகளை எழுதுவதே முறை.

வெளி மாநிலங்களில் நிரல் எழுதும் நம் இளைஞர்கள் சோதிக்கும்பொழுது, நீண்ட தமிழ் முகவரி ஒன்றை முதலிலும், ஒரே சொல்லாலான ஆங்கிலக் குறிப்பை அதன் பின்னும் இட்டுப் பார்ப்பார்களாக.